தலையில் பாரமில்லாத பெண்கள்

லண்டன் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸில், கட்டடக்கலைஞர் ஜான் சோன் தனக்கென்று கட்டிக்கொண்ட வீட்டின் முகப்பில் இரண்டு பெண் சிலைகள் நிற்கின்றன. ஏதென்ஸின் எரெக்தியான் கோயிலில் கூரையைத் தலையில் தாங்கும் பெண்களின் சாயல். ஆனால் இவர்கள் தலையில் பாரம் எதுவுமில்லை. மேலே வெறும் வானம்.

அந்தச் சுமைதாங்கிகளுக்கு ரோமானியரான விட்ருவியஸ் ஒரு கதை சொல்லியிருக்கிறார். பாரசீகர் பக்கம் சாய்ந்த கார்யே ஊரின் ஆண்களைக் கிரேக்கர்கள் கொன்றார்கள், பெண்களை அடிமையாக்கினார்கள். அந்த அவமானம் எக்காலத்துக்கும் தெரியட்டும் என்று பெண்ணுருவைக் கட்டடம் சுமக்க வைத்தார்களாம். கதை உண்மையா என்பது வேறு விஷயம். ஆங்கிலேயக் கனவான்கள் இத்தகைய சிலைகளை வாங்கினார்கள். தண்டனை அவர்கள் வீட்டில் அழகாகிவிட்டது. பாரத்தை இறக்கிய பிறகும் பெண் அங்கேயே நிற்க வேண்டியிருக்கிறது, பார்க்கப்படுவதற்காக.

இவை உளியால் செதுக்கியவை அல்ல, சுட்ட மண். செய்தது லாம்பெத்தில் எலினர் கோட் என்ற பெண்ணின் தொழிற்கூடம். 1769இல் டேனியல் பின்காட்டின் செயற்கைக் கல் தொழிலை அவர் வாங்கினார். தானே முதலாளி என்பதுபோல நடந்துகொண்ட பின்காட்டை 1771இல் வெளியேற்றினார். களிமண்ணோடு ஏற்கெனவே சுட்ட மண்ணின் தூள், மணல், கண்ணாடித்தூள் கலந்து, அச்சில் அழுத்தி, சூளையில் நாட்கணக்கில் சுட்ட பொருள் அது. மழையும் உறைபனியும் அதை எளிதில் அரிப்பதில்லை.

பட்டியல் போட்டு விற்றார்கள். நதித்தேவன், வன தேவதைகள், வெஸ்டா கோயிலின் கன்னிப்பெண்கள், குறிசொல்லும் சிபில்கள். ஹாம் ஹவுஸில் இன்றும் இருக்கும் நதித்தேவன், சிற்பி ஜான் பேக்கனின் வடிவம், உடலைப் பரப்பிச் சாய்ந்து கிடக்கிறான். பெண்ணுருக்களோ பெரும்பாலும் நின்றுகொண்டிருக்கிறார்கள், விளக்கையோ குடத்தையோ ஏந்திக்கொண்டு. தேவதை என்று பெயர், பார்ப்பது பணிப்பெண்ணின் வேலை. அந்தக் காலத்து ராயல் அகாதமியில் நிர்வாண மாதிரியைப் பார்த்து வரையும் வகுப்பில் பெண்களுக்கு இடமில்லை. ஸோஃபனி அந்த வகுப்பை வரைந்தபோது, நிறுவன உறுப்பினர்களான ஏஞ்சலிகா காஃப்மனையும் மேரி மோஸரையும் சுவரில் மாட்டிய படங்களாகத்தான் சேர்க்க முடிந்தது. பெண்ணுடலை வடிக்கும் பயிற்சி ஆணுடையது.

இந்தச் சந்தைக்குத்தான் கோட் சரக்கு கொடுத்தார். ‘அன்றே சாதித்த பெண்’ என்று மாலை போட்டுவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனமில்லை. அவர் விற்ற பெண்ணுருவில் அவர் வாழ்க்கையின் சாயல் துளியும் கிடையாது. வாங்குபவர் கேட்டதை அச்செடுத்தார், நன்றாகவே விற்றார். அவருடைய பெண்ணியத்தைச் சிலைகளில் தேடுவது வீண் வேலை.

அவருடைய கணக்குவழக்கில் தேடலாம். ‘மிஸஸ் கோட்’ என்றே அழைக்கப்பட்டார், ஆனால் மணம் செய்துகொள்ளவில்லை. தொழில் நடத்தும் பெண்ணுக்கு அன்று கொடுத்த மரியாதைப் பெயர் அது. அதே பெயர் கொண்ட தாயோடு குழப்பி, தொழிலைத் தாயின் கணக்கில் எழுதியவர்களும் உண்டு. அன்றைய ஆங்கிலேயச் சட்டத்தில் மனைவியின் பணம் கணவனுடையது. மணந்திருந்தால் சூளையும் அச்சும் இன்னொருவர் கைக்குப் போயிருக்கும். 1821இல் இறந்தபோது அவர் விட்டுச்சென்ற உயிலில் பல பெண்களுக்குப் பணம் எழுதிவைத்திருந்தார். அவர்களில் மணமானவர்களும் இருந்தார்கள். அந்தப் பணத்தின் மீது கணவர்களுக்கு எந்த அதிகாரமும் கிடையாது என்று நிபந்தனை போட்டிருந்தார்.