விரலுக்குப் பதில் சொல்லும் பெட்டி

வீட்டு மூலையில் ஹார்ட் டிஸ்க்குகளைச் சுமந்து கிடக்கும் நாஸ் (நெட்வொர்க் சேமிப்பு) பெட்டிக்குப் பொத்தான் எதற்கு, எல்லாம்தான் கைபேசியிலேயே முடிகிறதே என்பார்கள். முடியும்தான், நெட்வொர்க்கும் பாஸ்வேர்டும் ஒத்துழைக்கும் வரை. சினாலஜி நிறுவனப் பெட்டியின் பின்புறம் ஒரு சின்னத் துளை இருக்கும். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, உள்ளே விட்டு, அங்குள்ள பொத்தானைச் சுமார் 4 விநாடி அழுத்தினால் ஒரு ‘பீப்’. நிர்வாகி பாஸ்வேர்டும் நெட்வொர்க் அமைப்பும் தொடக்க நிலைக்குத் திரும்பும். டிஸ்க்கில் உள்ள கல்யாணப் படங்களுக்கு ஒன்றும் ஆகாது. கியூநாப் நிறுவனப் பெட்டியில் 3 விநாடி அழுத்தினால் ஒரு பீப், 10 விநாடி அழுத்தினால் இரண்டு. திரையே இல்லாமல் இவ்வளவு பேசும் சிக்கனம் எனக்குப் பிடிக்கிறது.

குழந்தை கை பட்டால்? பவர் பொத்தானைப் பீப் வரும்வரை பிடித்தால்தான் பெட்டி அணையும். அதுவும் கரண்ட் போனதுபோல் பொட்டென்று அல்ல, கையில் உள்ள வேலையை முடித்துவிட்டு. யார் வேண்டுமானாலும் பாஸ்வேர்டை அழிக்கலாமே என்பது இன்னும் கனமான ஆட்சேபம். ஆனால் துளை வரை கை நீட்ட முடிந்தவர் டிஸ்க்கையே உருவிக்கொண்டு போகலாம். அதற்குக் காவல் என்கிரிப்ஷன், பொத்தானை எடுப்பதல்ல. சில மாடல்களின் முன்பக்கத்தில் யூஎஸ்பி காப்பி பொத்தானும் உண்டு: யாராவது ஒருமுறை அமைத்துக் கொடுத்தால் போதும், பென் டிரைவைச் செருகித் தாத்தாவே அழுத்திக்கொள்வார்.