விரிசல் ஓடும் திசை

ஓசேஜ் ஆரஞ்சு மரத்தை வெட்டி அப்படியே போட்டுவைத்தால், அதன் இரு முனைகளும் விரைவிலேயே வெடிக்கத் தொடங்கிவிடும். டெக்சாஸ், ஓக்லஹோமா, ஆர்க்கன்சா பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட இந்த மரத்தில்தான் ஓசேஜ் பழங்குடியினர் புகழ்பெற்ற தங்கள் விற்களைச் செய்தார்கள். மஞ்சளாக இருந்து வெயில் பட்டுப் பழுப்பேறும் அதன் வைரம், வளைந்து மீள்வதில் அபாரமானது. ஆனால் காயும்போது பிளக்கும்.

அதற்குக் காரணம் உண்டு. பக்கவாட்டைவிட முனைகள் வழியே ஈரம் வேகமாக வெளியேறுகிறது. அதோடு, ஆண்டு வளையங்களின் வட்டத்தை ஒட்டி மரம் சுருங்கும் அளவு, நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்கும் அளவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த இழுபறியில் மரம் வெடிக்கிறது. எனவே வெட்டிய கையோடு முனைகளில் மெழுகோ பெயின்ட்டோ பூசிவிடுவார்கள். அப்படியும் சில வெடிப்புகள் வந்தே தீரும். வில்தச்சரின் கண்ணுக்கு அப்போதுதான் வேலை.

நாணை இழுக்கும்போது வில்லின் வெளிப்பக்கம் நீள்கிறது, எய்பவரை நோக்கிய உட்பக்கம் நசுங்குகிறது. இரண்டு விசைகளுமே வில்லின் நீளவாக்கில் செல்பவை. ஆகவே இழையோடு இழையாக நேரே ஓடும் விரிசல், பார்க்க எவ்வளவு பயங்கரமாக இருந்தாலும், பெரும்பாலும் ஆபத்தில்லாதது. தண்ணீர் போன்ற மெல்லிய சூப்பர் பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டால் விரிசல் அதைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். அகன்ற இடத்தில் அதே மரத்தின் தூளைத் திணித்துப் பசை விட்டு, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தால் போதும்.

சாய்ந்து ஓடி வில்லின் விளிம்பைத் தொடும் விரிசல் வேறு சாதி. நாணை இழுக்க இழுக்க அது சிராயாகப் பெயர்ந்து எழும். அங்கே பசை ஊட்டி, இறுக்கிப் பிடித்து, காய்ந்தபின் பட்டு நூலையோ லினன் நூலையோ இடைவெளியின்றி நெருக்கிச் சுற்றி, சுற்றின்மேலும் பசை பூச வேண்டும். அந்தக் கட்டு கடைசிவரை வெளியே தெரியும். நல்ல வில்லில் அதுவே தனி அழகு.

வெடிப்பு வருமுன் காப்பதும் இந்தக் கலையில் சேர்ந்ததுதான். 1911-ல் கலிபோர்னியாவில் வெளியுலகுக்கு வந்த யாஹி இனத்தவரான இஷி, தம் வில்வித்தையை மருத்துவர் சாக்ஸ்டன் போப்புக்குக் கற்றுக்கொடுத்தார். மானின் தசைநாரை மென்று இழை இழையாகப் பிரித்து, சால்மன் மீன்தோலைக் காய்ச்சிய பசையால் வில்லின் வெளிப்பக்கத்தில் ஒட்டுவது அவர் முறை. காயும்போது அந்த நார் சுருங்கி இறுகி, நீளும் பக்கத்தைத் தாங்கிப் பிடிக்கும். 1545-ல் மூழ்கி 1982-ல் மீட்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலின் யூ மர விற்களில் இன்னொரு நுட்பம் தெரிகிறது. கணு உள்ள இடத்தைச் சமமாகச் சீவித் தள்ளாமல் சற்றே மேடாக விட்டிருக்கிறார்கள். இழை அறுபடாவிட்டால் விரிசல் தொடங்க இடமில்லை.

பசைக்கு அடங்காத பழுது ஒன்று உண்டு. உட்பக்கத்தில் குறுக்காக விழும் மயிரிழைக் கோடுகள். அவை மரம் பிளந்ததால் வந்தவை அல்ல. அந்த இடம் மட்டும் அளவுக்கு மீறி வளைந்ததால், உள்ளிருக்கும் இழைகள் நசுங்கி மடிந்திருக்கும். கைதேர்ந்தவர் நசுங்கிய பகுதியை ஆழமில்லாத குழிவாகச் சீவி எடுத்து, அதே மரத்தின் மெல்லிய துண்டைக் குழிவுக்குப் பொருந்த இழைத்து ஒட்டுவார். அத்துடன் வேலை முடியாது. வளையாமல் விறைத்து நிற்கும் மற்ற இடங்களையும் சிறிது சிறிதாகச் சுரண்டி, வில் முழுவதும் சுமையைப் பகிர்ந்துகொள்ளும்படி செய்வார். இதனால் இழுவிசை சில பவுண்டு குறையும். குறைந்த அந்த விசைக்கு ஏற்ற மெல்லிய அம்புகளையும் அவரே தேர்ந்து கொடுப்பார்.