பால் வடியும் இலைகளும் ஒரு குளிர்கால ஆமையும்

கில்பர்ட் வைட் எழுதிய 'செல்போர்னின் இயற்கை வரலாறு' (1789) நூலை முதலில் வாசித்தது பறவைகளுக்காக. இந்தக் குளிர்காலத்தில் திரும்ப எடுத்தது அதில் வரும் ஆமைக்காக. என் மகள் ஒரு ரஷ்ய ஆமை வளர்க்கிறாள். நாங்கள் இருப்பது டெட்ராய்ட் பக்கம். நவம்பர் வந்துவிட்டால் தோட்டத்தில் பச்சை இலை கிடையாது. ஏப்ரல் வரை குரோசரி கடைக் கீரைதான்.

எல்லோரையும் போல நானும் முதலில் தேடியது பட்டியலைத்தான். 'கொடுக்கலாம்', 'கொடுக்கக்கூடாது' என்று இரண்டே பத்தி. நமக்குத்தான் தொழில் புத்தி போகாதே, அதை ஒரு எக்செல் ஷீட் ஆக்கினேன். அமெரிக்க வேளாண் துறை அட்டவணைப்படி 100 கிராம் ரொமைன் லெட்டூஸில் கால்சியம் 33 மி.கி., பாஸ்பரஸ் 30. டேன்டேலியன் கீரையில் 187, 66. கொலார்டில் 232, 25. பாஸ்பரஸைப் போல இரண்டு மடங்காவது கால்சியம் வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விதி. அந்த விதியில் ஸ்பினாச்சும் (99, 49) பாஸ் ஆகிவிடுகிறது! ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆமைக்குப் போய்ச் சேராது. எண் சரி, முடிவு தப்பு.

ஸ்பினாச்சை நீக்கினேன், கொலார்டைச் சேர்த்தேன். ஆனாலும் ஜனவரியில் ஆமையின் அடி ஓட்டை அழுத்தினால் லேசாக அமுங்கியது. மருத்துவர் கீரையைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. "பல்ப் எப்போ மாத்தினீங்க?" என்றுதான் கேட்டார். பதினான்கு மாதம் ஆகியிருந்தது. வெளிச்சம் வருகிறதே என்று விட்டுவிட்டேன். வெளிச்சம் இருக்கும்போதே புறஊதா பி கதிர் குறைந்துபோகும். அது இல்லாமல் வைட்டமின் டி இல்லை. டி இல்லாமல் கொலார்டின் 232 மில்லிகிராமும் வீண். ஜன்னல் வெயிலும் உதவாது, அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

அதற்குப் பிறகுதான் வைட்டின் அந்தப் பகுதியின் அருமை புரிந்தது. அவருடைய அத்தை வீட்டு முற்றத்தில் இருந்த ஆமை பற்றி 1770-ல் ஒரு கடிதத்தில் எழுதுகிறார். நவம்பர் நடுவில் மண்ணுக்குள் போகிறது, ஏப்ரல் நடுவில் வருகிறது. வந்த புதிதில் பசி இல்லை, நடுக்கோடையில் அசுரப்பசி, இலையுதிர் காலத்தின் கடைசி ஆறு வாரம் ஏறக்குறைய ஒன்றுமே தின்பதில்லை. இதையெல்லாம் சொன்ன பிறகே லெட்டூஸ், டேன்டேலியன், சோத்திஸில் போன்ற பால் வடியும் செடிகள் அதற்குப் பிடிக்கும் என்கிறார். காலம் முதலில், இலை பிறகு. இன்றைய பட்டியல்கள் இலையில் தொடங்கி இலையிலேயே முடிந்துவிடுகின்றன.

அந்த மூன்றும் சூரியகாந்திக் குடும்பச் செடிகள். எண்டைவ், எஸ்கரோல், ரடிக்கியோவும் அதே குடும்பம்தான். எங்கள் கடையில் குளிர்காலத்திலும் கிடைப்பவை. நூறு பெயரை மனப்பாடம் செய்வதைவிட இது எளிது.

வைட்டிடம் குறையும் உண்டு. பசி ஏறி இறங்குவதைப் பார்த்தவர், பின்னொரு கடிதத்தில், வாழ்நாளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மந்தத்தில் வீணாக்கும் பிராணிக்கு இவ்வளவு ஆயுள் எதற்கு என்று வியக்கிறார். அது வீண் இல்லைங்க. இலை இல்லாத மாதங்களைக் கடக்க அந்த ஆமைக்கு இருந்த வழியே அதுதான். குளிர்காலக் கீரைப் பிரச்சினையே நாம் அதை விழிக்க வைத்ததால் வந்தது. விழிக்க வைப்பது தவறில்லை. நோயுற்ற ஆமையைத் தூங்க விடவும் கூடாது. நட்சத்திர ஆமை, சுல்காட்டா போன்றவை குளிர்கால உறக்கமே கொள்ளாதவை, அவற்றுக்கு வைட்டின் கணக்கு பொருந்தாது. ஆனால் விழிக்க வைத்தால் கோடையை முழுதாகக் கொடுக்க வேண்டும். வெப்பம், கதிர், அப்புறம் இலை. 12 டிகிரி அறையில் வைத்துவிட்டு "இது ஏன் ரொமைன் தின்னலை?" என்று கேட்பது அரைகுறை. தூங்க அந்தக் குளிர் போதாது, செரிக்க அந்தச் சூடு போதாது.

எக்செல் ஷீட்டை அழிக்கவில்லை. முதல் பத்தியில் இப்போது பல்ப் மாற்றிய தேதி இருக்கிறது, இரண்டாவதில் வெப்பநிலை, மூன்றாவதில் எடை. கீரை நான்காவது. அடி ஓடு மெல்ல இறுகி வருகிறது. எஸ்கரோல் என்றால் கையிலிருந்தே பிடுங்கித் தின்கிறது.