தாம்பரம் போர்டு, பூந்தமல்லி பஸ்

கூகுளில் 'வேளச்சேரி டபுள் பெட்ரூம்' என்று தட்டுகிறீர்கள். முதல் வரியிலேயே ஒரு விளம்பரம்: 'வேளச்சேரியில் டபுள் பெட்ரூம் ஃப்ளாட், உடனே குடிபுகலாம்.' ஆசையாகத் தொட்டால் எங்கே போய் விழுகிறீர்கள்? கம்பெனியின் முகப்பில். சேர்மன் கைகட்டிச் சிரிக்கிறார். 'எங்கள் லட்சியம்' என்று ஒரு பத்தி. ஓரத்தில் கோவை வில்லா. வேளச்சேரியை நீங்களேதான் தேடிக்கொள்ள வேண்டும். தேட மாட்டீர்கள், வெளியே வந்துவிடுவீர்கள்.

விளம்பரத்தைத் தொட்டதும் நாம் போய் இறங்கும் பக்கத்துக்கு லேண்டிங் பேஜ் என்று பெயர். தாம்பரம் போர்டு போட்ட பஸ் பூந்தமல்லியில் இறக்கிவிட்டால் கண்டக்டரைச் சும்மா விடுவோமா? இங்கே விட்டுவிடுகிறோம். ஆனால் நீங்கள் தொட்ட அந்த ஒரு தொடுதலுக்கு விளம்பரதாரர் காசு கட்டியாகிவிட்டது. 1998-ல் கோடூ டாட் காம் என்ற கம்பெனி பிரபலமாக்கிய முறை இது. 2002-ல் கூகுளும் தொடுதலுக்கு இவ்வளவு என்ற கணக்குக்கு வந்தது.

காமர்ஸ் படித்தவனுக்கு இந்த இடத்தில் கை கால்குலேட்டரைத் தேடும். ஒரு தொடுதலுக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 பேர் தொட்டால் 2,000. அதில் 2 பேர் போன் நம்பர் கொடுத்தால், ஒரு நம்பரின் விலை ஆயிரம். பக்கத்தை மட்டும் சரிசெய்து 4 பேர் கொடுத்தால் ஐநூறு. விளம்பரச் செலவு ஒரு பைசா கூடவில்லை. மோசமான பக்கத்துக்கு கூகுளும் தரம் குறைத்துப் போடுகிறது. தரம் குறைந்தால் அதே இடத்துக்கு அதிகக் காசு அழ வேண்டிவரும்.

இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் புராணக்கதை ஒன்று உண்டு. 2007 டிசம்பரில் ஒபாமாவின் தேர்தல் தளத்தில், உள்ளே வருகிறவர்களிடம் ஈமெயில் முகவரி வாங்கும் பக்கத்தை டான் சிரோக்கர் என்பவரின் குழு சோதித்துப் பார்த்தது. 4 விதமான பட்டன், 6 விதமான படம் அல்லது வீடியோ, மொத்தம் 24 ஜோடி. வந்த சுமார் 3,10,000 பேரைப் பிரித்து, ஒவ்வொரு பகுதியினருக்கும் ஒரு ஜோடியைக் காட்டினார்கள். பிரசாரக் குழுவுக்கு வீடியோ ஒன்றின் மேல்தான் காதல். ஆனால் படங்களிடம் வீடியோக்கள் எல்லாமே தோற்றன! ஜெயித்தது, ஒபாமா மனைவி குழந்தைகளோடு இருக்கும் சாதாரணப் படமும் 'மேலும் அறிய' என்ற பட்டனும். 'பதிவு செய்க' என்ற பழைய பக்கத்தில் 8.26 சதவிகிதம் பேர் முகவரி கொடுத்தார்கள், புதியதில் 11.6.

இதுவரை எனக்கு ஆட்சேபணை இல்லை. சொந்த ரசனையை நம்பாமல் எண்ணிப் பார்த்தது பாராட்ட வேண்டிய விஷயம். அடுத்து சொல்கிறார்கள் பாருங்கள்: இதனால் கூடுதலாக 28 லட்சம் முகவரி, 6 கோடி டாலர் நன்கொடை! இது யாரும் எண்ணிய பணமில்லை, பெருக்கி வந்த பணம். ஒரு முகவரிக்குச் சராசரியாக 21 டாலர் வந்தது, ஆகவே கூடுதல் முகவரிகளுக்கும் 21 டாலர் என்கிறார்கள். 'பதிவு செய்க' என்றதும் கொடுத்தவர் ஏற்கெனவே பக்தர். 'மேலும் அறிய' என்றால்தான் வருகிறவர் வேடிக்கை பார்க்க வந்தவர். இருவரும் ஒரே அளவு உண்டியலில் போடுவார்களா? 'சும்மா பாத்துட்டுப் போங்க' என்று தி.நகர் ஜவுளிக்கடை வாசலில் கூப்பிடுவார்களே, உள்ளே போன எல்லோருமா பட்டு வாங்குகிறார்கள்?

ஒரு நேர்மை மட்டும் அந்தப் பக்கத்தில் இருந்தது. முகவரி கேட்கும் கட்டம் கண்முன்னே இருந்தது.

நம் பக்கங்களில் அதற்கே பஞ்சம். 'விலை அறிய' என்று இருக்கும். தொட்டால் விலை வராது, போன் நம்பர் கேட்கும். கொடுத்தால் விலைக்குப் பதில் போன் வரும், ஒரு வாரத்துக்கு. '10 நிமிடத்தில் சலுகை முடிகிறது' என்று கடிகாரம் ஓடும். பக்கத்தை மூடிவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். திரும்பவும் பத்திலிருந்து ஓடினால் உங்களுக்கே புரிந்துவிடும். இப்படிப்பட்ட பொய் அவசரம், ஒன்றைக் காட்டி வேறொன்றைத் தள்ளுவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது என 13 தந்திரங்களை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் பட்டியல் போட்டுத் தடுத்திருக்கிறது. போன் நம்பரைக் கொடுக்குமுன் அந்தப் பட்டியலை ஒருமுறை படித்துவிடுங்கள்.

இன்னொரு எரிச்சல், பாஷை. விளம்பரம் கொஞ்சு தமிழில் இருக்கும், 'உங்கள் கனவு இல்லம்' என்று. தொட்டால் பக்கம் முழுக்க ஆங்கிலம். தமிழில் கூப்பிட்டவர்களுக்கு, உள்ளே வந்தவரிடம் தமிழில் பேச என்ன வந்தது? தப்பித்தவறி ஒரே ஒரு தமிழ் வார்த்தை பட்டனில் இருக்கும்: 'சமர்ப்பிக்கவும்'. தேங்காய் பழம் தட்டோடு நிற்கிற மாதிரி இருக்கிறது. 'விலையை அனுப்புங்க' என்று போட்டுவிட்டு, நிஜமாகவே விலையை அனுப்பலாம் சார்.