வரிப்பணமும் வான்மறை ஆய்வும்

ஜெர்மனியின் பெர்லின்-பிராண்டன்பர்க் அறிவியல் கழகம் 2007-ஆம் ஆண்டில் 'கார்ப்பஸ் கோரானிக்கம்' என்னும் ஆய்வுப் பணியைத் தொடங்கிற்று. அதன் செலவை ஏற்றவை கூட்டாட்சி அரசும் மாநில அரசும். அதாவது, அந்நாட்டு மக்களின் வரிப்பணம். பழந்திருக்குர்ஆன் ஏடுகளையும் கிராஅத் வேறுபாடுகளையும் எவரும் கட்டணமின்றிக் காண இணையத்தில் வைத்தனர்.

இதன் அருமையை அறியப் பழைய செய்தியொன்று துணைபுரியும். பெர்க்ஸ்ட்ரேசரும் பிரெட்ஸலும் திரட்டிய ஏட்டுப் படச்சுருள்கள் 1944-இல் மியூனிக் குண்டுவீச்சில் அழிந்தன என்றே அறிஞருலகம் நம்பியிருந்தது. அவையோ ஸ்பிட்டாலர் என்னும் பேராசிரியரிடம் பல்லாண்டு முடங்கிக் கிடந்தன! இப்பணியின் கைக்கு வந்த பின்னரே அவை மின்படிமங்களாயின. தனியொருவர் பூட்டி வைத்த அறிவைப் பொதுப்பணம் பொதுச்சொத்தாக்கியது. இதனை நாம் மனமுவந்து பாராட்டுகிறோம்.

ஆயினும், குறை கூறாதிருக்க இயலவில்லை. இதன் விளக்கவுரை முதலில் ஜெர்மன் மொழியிலேயே எழுதப்பட்டது. நாள்தோறும் இம்மறையை ஓதுவோரில் எத்தனை பேருக்கு அம்மொழி தெரியும்? ஏடு திறந்திருக்க, விளக்கம் மூடியிருப்பது முறையாகாது.

இன்னொன்றும் தெளிதல் வேண்டும். ஏட்டின் காலத்தையும் எழுத்தின் வடிவையும் ஆய்வு காட்டலாம்; இறைவாக்கா அன்றா எனத் தீர்ப்பளிப்பது அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆதலின், அஞ்சி ஒதுங்காது, கற்றுச் சீர்தூக்கிக் கேள்வி எழுப்புவதே நம் கடன்.