லெகோலாஸ் தூணியை எங்கே மாட்டினான்?

'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலில், லோத்லோரியன் காட்டைவிட்டுக் கிளம்பும்போது பயணக்குழுவில் ஆளுக்கொரு க்ளோக் கிடைக்கிறது. முக்காடு வைத்த, கையில்லாத நீள அங்கி. கழுத்தருகே பச்சை இலை வடிவ ப்ரூச்சால் பூட்டிக்கொள்வது. அதே அத்தியாயத்தில் லெகோலாஸுக்கு மட்டும் தனிப்பரிசாக ஒரு வில்லும், அம்புகள் நிறைந்த தூணியும். பயண நாட்களையும் மைல்களையும், நிலா எப்போது தேய்கிறது என்பதையும்கூடக் கணக்குப் போட்டு எழுதிய டோல்கீன், இந்த இரண்டையும் ஒருவன் ஒரே உடம்பில் எப்படி அணிவான் என்று மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

சில்லறைக் கேள்வி மாதிரித்தான் தெரியும். ஆனால் மத்தியகால பாணியில் உடை தைத்துப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நடக்கிறவர்கள் (காஸ்ப்ளே ஆட்கள், லார்ப் விளையாடுகிறவர்கள், பழைய போர்களை நடித்துக் காட்டும் குழுக்கள்) எல்லோரும் வந்து முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். க்ளோக் ஒரு கடையில், தூணி இன்னொரு கடையில், 'மத்தியகால முதுகுப்பை' மூன்றாவது கடையில். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றுமே அழகு. மூன்றும் இடம் கேட்பதோ ஒரே முதுகில்.

முதுகில்தான் தூணி என்று முடிவு செய்தால் வழிகள் மூன்று. க்ளோக்குக்கு மேலே மாட்டலாம். வார் துணியை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிவிடும். குளிருக்கு இழுத்து மூட முடியாது, வெக்கைக்குக் கழற்றவும் முடியாது. போதாததற்கு, பின்னால் தள்ளிவிட்ட முக்காடு பொதியாகக் கிடப்பது சரியாகத் தூணியின் வாய் இருக்கும் இடத்தில். சரி, அடியில் மாட்டலாம். கூன் விழும், ஒவ்வொரு அம்புக்கும் கை துணிக்குள் துழாவ வேண்டும். மூன்றாவது, க்ளோக்கின் முதுகில் ஓட்டை போட்டுத் தூணியின் வாயை வெளியே நீட்டிவிடுவது. இதை யோசித்தவர்கள் மழையில் நடந்ததில்லை என்று நினைக்கிறேன். கணினி விளையாட்டுகளில் நான்காவது வழியும் உண்டு: தூணி பாட்டுக்குத் துணியை ஊடுருவிக்கொண்டு நிற்கும். ஒரு விதத்தில் அதுதான் இருப்பதிலேயே நேர்மையான சித்திரம்.

இதில் எனக்குச் சுவாரசியமானது, நாவலே தன்னையறியாமல் பதில் சொல்லிவிடுகிறது என்பது. 'தி டூ டவர்ஸ்' பாகத்தில் அரகார்ன், லெகோலாஸ், கிம்லி மூவரும் ரோஹன் புல்வெளியில் குதிரைப்படை வருவதைப் பார்க்கிறார்கள். ஓடி ஒளியவில்லை. க்ளோக்கைப் போர்த்திக்கொண்டு வாடிய புல்மேல் உட்கார்ந்துவிடுகிறார்கள். கிட்டத்தட்ட முழுப் படையும் அவர்களைக் காணாமலே கடந்து போகிறது. தூணி க்ளோக்குக்கு மேலே இருந்திருந்தால் இது நடக்குமா? முதுகுக்குப் பின்னால் கொத்தாக நீட்டிக்கொண்டிருக்கும் இறகுகளை எந்தக் குதிரைக்காரன் பார்க்காமல் போவான்? ஆகவே தூணி உள்ளேதான். கொஞ்ச நேரம் கழித்து, இயோமெர் கிம்லியை அவமதித்ததும், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் லெகோலாஸ் அம்பைப் பூட்டி வில்லை வளைத்துவிடுகிறான். அதற்கப்புறம் அரகார்ன் வாளில் கை வைக்கும்போது, அவன் க்ளோக்கைப் பின்னால் தள்ளியதை டோல்கீன் மறக்காமல் எழுதுகிறார். லெகோலாஸுக்கு அப்படி ஓர் அசைவும் இல்லை. மூடியிருக்கவும் வேண்டும், தள்ளாமலே கைக்கு எட்டவும் வேண்டும். இரண்டுக்கும் பொருந்துகிற இடம் உடம்பில் ஒன்றுதான்: க்ளோக்கின் முன் திறப்பை ஒட்டிய இடுப்பு.

பீட்டர் ஜாக்சனின் 2002ஆம் ஆண்டுப் படத்தில் இதே காட்சியில் மூவரும் பாறைக்குப் பின்னால் பதுங்குகிறார்கள். தூணி முதுகில். ஏன் மாற்றினார்கள் என்பதற்குக் காரணங்கள் பல இருக்கலாம், விளைவு ஒன்றுதான். நாவலில் க்ளோக் செய்த வேலையைப் படத்தில் பாறை செய்கிறது. க்ளோக் அலங்காரமாகிவிட்டது.

திரையில் முதுகுத் தூணியை நிலைநிறுத்தியதில் 1938இல் எர்ரல் ஃப்ளின் நடித்த 'தி அட்வென்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்' படத்துக்குப் பெரிய பங்கு. அதில் வில்வித்தை காட்டிய ஹோவர்ட் ஹில் அமெரிக்க வேட்டைக்காரர். முதுகுத் தூணி அவருக்குக் கைவந்த பழக்கம். தோளுக்கு மேல் கை போய் அம்போடு திரும்பும் அந்த வீச்சு கேமராவுக்கு விருந்து, மறுக்கவில்லை. (நாம் 'அம்பறாத்தூணி' என்கிறோமே, அம்பு அறாத, தீராத தூணி. அந்தப் பெயருக்கு முழுத் தகுதி சினிமாத் தூணிக்குத்தான். எவ்வளவு எய்தாலும் குறைவதில்லை.)

முதுகுத் தூணியே பொய் என்று சொல்ல வரவில்லை. லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் 'வெர்சாய் டயானா' சிலையில் வேட்டைத் தெய்வம் தோளுக்குப் பின்னால் கை விட்டு அம்பை உருவுகிறாள். ஆனால் அவளுடைய மேற்போர்வை எங்கே இருக்கிறது? இடுப்பைச் சுற்றி. வத்திக்கானில் உள்ள 'பெல்வெடேர் அப்பல்லோ'வுக்கும் தூணி வார் மார்பின் குறுக்கே போகிறது. போர்வை இடது கைமேல் வழிந்து கிடக்கிறது. தூணி ஏறும் முதுகிலிருந்து துணியை இறக்கிவிட வேண்டும் என்பது கல் செதுக்கியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இன்றைய உடை வடிவமைப்பாளர்கள் பலருக்குத் தெரியவில்லை என்பதுதான் என் குறை.

மத்தியகாலத்துக்கு வந்தால் கேள்வியே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. 1066 ஹேஸ்டிங்ஸ் போரைக் காட்டும் பேயூ பூத்தையலில் க்ளோக் போட்ட பிரபுக்கள் இருக்கிறார்கள், தூணி கட்டிய வில்லாளிகளும் இருக்கிறார்கள். வில்லாளிகளிடம் க்ளோக் இல்லை. தூணியும் பெரும்பாலும் இடுப்புப் பக்கம்தான். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் சாசர் எழுதிய 'கேன்டர்பரி கதைகள்' நூலில் வரும் வேட்டைக்காவலன் மயிலிறகு கட்டிய அம்புக் கட்டை இடைவாரில் செருகியிருக்கிறான். 1545இல் மூழ்கி 1982இல் மேலே தூக்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் வட்டமான தோல் தகடுகள் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் 24 துளைகள். ஒரு கட்டு அம்பு என்றால் 24. துளைக்கு ஒன்றாகச் செருகினால் இறகுகள் ஒன்றையொன்று நசுக்காது. இறகு நசுங்கினால் அம்பு நேராகப் போகாது. அந்த ஒரு தோல் வட்டத்தில் இருக்கும் யோசனை, இன்று விற்கிற பூவேலை செய்த தூணிகளில் இல்லை.

பைக்கு வருவோம். சாண்டியாகோவுக்கு நடந்த யாத்ரீகர்களின் பை, நம்ம ஜோல்னாப்பை மாதிரி, குறுக்கு வாரில் இடுப்பருகே தொங்கும் சின்னத் தோல்பை. கொள்வது கொஞ்சம் ரொட்டியும் சில்லறைச் சாமானும். கூடையை முதுகில் சுமந்த வியாபாரிகளும் உண்டு. கனத்த சுமைக்குக் கழுதையோ குதிரையோ. க்ளோக், வில், வாள், சமையல் பாத்திரம், படுக்கைச் சுருள் எல்லாவற்றையும் ஒரே ஆள் முதுகில் ஏற்றுவது நம் காலத்துக் கற்பனை. ரோஹனில் ஓடிய அந்த மூவரும்கூட, தவிர்க்க முடிந்ததையெல்லாம் விட்டுவிட்டுத்தான் ஓடினார்கள்.

அந்த ஓட்டம் 45 லீக். லீக்குக்கு மூன்று மைல் என்றால் சுமார் 217 கிலோமீட்டர். இடுப்புத் தூணி ஓடும்போது தொடையில் அடிக்காதா என்று கேட்கலாம். ஒரே வாரில் தொங்கினால் கட்டாயம் அடிக்கும். இரண்டு இடத்தில் இடைவாரோடு பிணைத்து, அடிப்பக்கத்தைத் தொடையோடு ஒரு நாடாவால் கட்டினால் ஆட்டம் அடங்கும்.

நான் தைக்கச் சொன்னால் இப்படிச் சொல்வேன். அரைவட்டக் கம்பளி க்ளோக். ப்ரூச் தொண்டைக்குழியில் வேண்டாம், வலது தோளில். வாள் பிடிக்கும் கை விடுபட ஐரோப்பாவில் நெடுங்காலம் இருந்த வழக்கம் அது. அப்போது வலப்பக்கம் திறப்பு, இடப்பக்கம் மூடல். சட்டென்று வேண்டிய தூணி வலது இடுப்பில், வாய் முன்பக்கம் சாய்ந்து. நனையக்கூடாத தீனியும் தீமூட்டும் சாமானும் இடப்பக்கப் பையில், மூடிய துணிக்கு அடியில். இடதுகைக்காரர்களுக்கு எல்லாம் மாற்றி. தோல் தகடு தூணிக்குள் கட்டாயம். இன்னொன்று: இடைவார், தூணி, பை மூன்றையும் மாட்டிக்கொண்டு அதற்கு மேல்தான் க்ளோக்குக்கு அளவெடுக்க வேண்டும். வெறும் சட்டையோடு எடுத்த அளவில் தைத்தால் தூணி இருக்கும் பக்கம் துணி எட்டாது. நடக்கும்போது திறப்பு விரிந்து, மழை நேராக இறகுமேல் விழும்.