பதரும் கல்லும்

தைமஸ் சுரப்பிக்குள் நோய் எதிர்ப்புக்காக உருவாகும் இளம் டி செல்களில் நூற்றுக்கு 90க்கும் மேல் அங்கேயே மடிகின்றன. இதை விரயம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாளை எந்தக் கிருமி வரும் என்று உடலுக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு செல்லும் மரபணுத் துண்டுகளைக் கலைத்துச் சேர்த்துத் தனக்கென ஓர் ஏற்பியை அமைத்துக்கொள்கிறது. அந்தக் குவியலில் பதரும் இருக்கும், கல்லும் இருக்கும்.

பதர் முதலில் போகிறது. சுரப்பியின் புறப்பகுதியில், புரதத் துண்டுகளை ஏந்திக் காட்டும், உடலின் சொந்த எம்எச்சி மூலக்கூறுகளைச் சற்றும் பற்றத் தெரியாத செல்கள் சில நாட்களில் இறந்துவிடுகின்றன. கல் அரிப்பது உட்பகுதி வரை தொடர்கிறது. சொந்தப் புரதத்தை இறுகப் பிடிப்பவை அங்கே அழிக்கப்படுகின்றன.

என்னை வியக்கவைப்பது இந்த இரண்டாம் வேலைதான். கணையத்தில் சுரக்கும் இன்சுலினை மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் எப்படி அறியும்? அங்குள்ள சில செல்களில் ஏஐஆர்இ என்ற மரபணு, ஆயிரக்கணக்கான பிற உறுப்புப் புரதங்களைச் சிறிதளவு தயாரிக்க வைக்கிறது. உடலின் மாதிரிகள் முழுக்க ஓரிடத்தில்! ஆனால் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. அந்த ஒரு மரபணு பழுதானால் பாராதைராய்டு, அட்ரீனல் சுரப்பிகளை உடலே தாக்கும். பின்லாந்தில் இந்த அரிய நோய் பல நாடுகளைவிடக் கூடுதல். மரபணு சரியாக இருந்தாலும் அங்கே உருவாகும் புரதங்களின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். தைமஸில் இன்சுலின் குறைவாக உருவாகும் மரபுடையோருக்கு முதல் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம்.

சல்லடையை நெருக்கிவிடலாமே என்றால், அதுவும் ஆகாது. சொந்தத்தைக் கொஞ்சமாவது பற்றினால்தான் முதல் கட்டத்தையே தாண்ட முடியும். கண்டிப்பு கூடினால் கிருமியோடு போராட வேண்டியவையும் சேர்ந்தே போய்விடும். அதனால் ஆரோக்கியமானவர் இரத்தத்திலும் தன்னையே தாக்கக்கூடிய செல்கள் சில உலவுகின்றன. அவற்றை அடக்கிவைக்கும் காவல் செல்களை 1995இல் ஆய்வாளர் ஷிமோன் சகாகுச்சி அடையாளம் காட்டினார். 2025 நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. அந்தக் காவலர்களில் பலரும் தைமஸில் வளர்ந்தவர்களே. கொல்லாமல் திருப்பிவிடப்பட்ட கற்கள் அவை.

உண்மையான குறை காலம்தான். பருவ வயதுக்குப் பின் தைமஸ் வேகமாகச் சுருங்கிக் கொழுப்பாகிறது. முதுமையில் புது வைரஸ் வந்தால் எதிர்கொள்ளப் புதிய செல்கள் சொற்பம். 1961இல் ஆய்வாளர் ஜாக் மில்லர் எலிக்குஞ்சுகளில் தைமஸின் அவசியத்தை நிறுவிய பிறகும், வளர்ந்தவர்களுக்கு அது வேண்டாத உறுப்பு என்ற எண்ணம் நீடித்தது; இதய அறுவையில் வழி மறைக்கிறது என்று அதை வெட்டி எடுப்பதும் உண்டு. 2023இல் பாஸ்டனிலிருந்து வெளியான ஆய்வில், தைமஸ் நீக்கப்பட்ட பெரியவர்கள், அது நீக்கப்படாமல் மார்பு அறுவை செய்துகொண்டவர்களைவிட அடுத்த ஐந்தாண்டுகளில் அதிகமாக இறந்திருந்தார்கள். புற்றுநோயும் அவர்களுக்கே கூடுதலாக வந்திருந்தது.